நெட்டி முறிப்பதற்கு முன்

கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டியவன் மருதாசலம் இல்லை. நாச்சிமுத்துவுக்கு அங்கேயே மனசு சரியில்லாமல் போய்விட்டது. கணபதியில் இருக்கும் இந்தச் சலூனுக்கு அவன் பதினோரு வருஷமாக வருகிறான். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி, ஜன்னல் ஓரத்து நாற்காலி, மருதாசலத்தின் கை. மருதாசலத்துக்கு விஷயம் தெரியும் என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்காமல் இருக்கத் தெரியும். தலையைக் குனியச் சொல்லாமல் தானே குனிந்து பின்கழுத்தை மழிப்பான். கடைசியில் மற்றவர்களுக்கெல்லாம் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று நெட்டி முறிப்பவன், இவனுக்கு மட்டும் தோளைத் தட்டி அனுப்பிவிடுவான். இன்றைக்கு மருதாசலம் பழனிக்குப் போயிருக்கிறானாம். சொன்னவன் புதியவன், பெயர் அழகேசன், சேலம் பக்கமாம், ஒவ்வொரு முன்கையும் உலக்கை கனம். போன மாசம் மருதாசலம் பழனி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சரி, மொட்டை போடப் போகிறவன் நம்மிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமா என்று தன்னையே சமாதானம் செய்யப் பார்த்தான், ஆகவில்லை. நாச்சிமுத்து பவுண்டரியில் வார்ப்புகளைப் பரிசோதிக்கிறவன். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். காலையில் இட்லி மெத்தென்று இருந்தால்கூட மனைவி என்ன கலந்தாள் என்று நினைக்கிற புத்தி அது, ஞாயிற்றுக்கிழமை என்று லீவு எடுத்துக்கொள்ளாது. இப்போது அந்தப் புத்தி கண்ணாடிக்குள்ளேயே நின்றது. கண்ணாடியில் பின்னால் பெஞ்சு தெரிந்தது, பெஞ்சில் தேவராஜன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். மெஷின் ஷாப் சூப்பர்வைசர் தேவராஜன். சரவணம்பட்டியில் வீட்டைச் சுற்றி நாலு சலூன் இருக்கிற தேவராஜன். அரசூரில் திறக்கப் போகிற புது யூனிட்டுக்குப் பொறுப்பாளராக முதலாளி நாளைக்கு ஒரு பெயரைச் சொல்லப் போகிறார், அது நாச்சிமுத்துவாக இருக்கும், இல்லாவிட்டால் தேவராஜனாக இருக்கும். நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு முதலாளி கேட்டது ஒரே ஒரு கேள்வி, உடம்பு ஒத்துழைக்குமா என்று. நேற்று இவன் அதற்கு ஒரு காகிதத்தைக் காட்டி, நார்மலுங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இன்றைக்குத் தேவராஜன் இங்கே உட்கார்ந்திருக்கிறான்.

வந்ததும் வராததுமாக அவன் கேட்டதுதான் இன்னும் காதில் நின்றது. "ஏனுங்கண்ணா, முதுகு புடிச்சுக்குதுன்னு சொன்னீங்களே, இப்ப எப்படி இருக்குதுங்க?" யாரிடம் சொன்னேன், இவனிடம் எப்போது சொன்னேன் என்று யோசிப்பதற்குள் நாச்சிமுத்துவின் வாய் முந்திக்கொண்டது. "அதெல்லாம் போயிருச்சுங்க தம்பி. ஸ்கேன் எடுத்தாச்சு. எலும்பு வயசுக்கு மீறின பலத்துல இருக்குதாமா." தேவராஜன் பேப்பரை இறக்கிச் சிரித்தான். "அப்புறம் என்னுங்க! ஏப்பா, அண்ணனுக்கு நல்லா எண்ணெய் வெச்சு மசாஜ் பண்ணிப்போட்டு, கடைசீல கழுத்துல ரெண்டு நெட்டி எடுத்து உடு. என்ர செலவு." அழகேசன், "பண்ணிரலாம் சார்," என்றான். அவ்வளவுதான், முடிந்தது. வேண்டாம் என்று சொல்ல அரை நிமிஷம் இருந்தது, அந்த அரை நிமிஷத்தில் நாச்சிமுத்து சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்பான். எலும்பு பலமாக இருக்கிறவன் ஒரு நெட்டிக்குப் பயப்படுவானா என்பான், இல்லை ஒன்றுமே கேட்காமல் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டு நாளைக்கு முதலாளியிடம் போய்ச் சொல்வான், அது இன்னும் மோசம். அன்பாகத்தான் சொன்னானா, சோதித்துப் பார்க்கிறானா? சிரித்தபோது கண் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், கண்ணாடி பழசு, ஓரத்தில் ரசம் போயிருக்கிறது. டாக்டரம்மா சொன்னது ஒன்றும் சாதாரணமாக இல்லை. வாசல்வரை வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "யாரையும் உங்க கழுத்தைத் திருப்ப விடாதீங்க. மசாஜ்காரர், சலூன்காரர், யாரா இருந்தாலும் சரி. உங்க கழுத்துல மூட்டுன்னு ஒண்ணு மிச்சம் இல்லை, திருப்பினா ஒடியத்தான் செய்யும். ஒடிஞ்சா கையும் காலும் போயிரும், உயிரே போனாலும் போகும்." ஆனால் அது இந்த ஸ்கேனுக்கு முன்னால் சொன்னது. இப்போது சட்டைப் பையில் காகிதம் இருக்கிறது, துணிக்கு அடியில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதில் எலும்பின் அடர்த்தி பிளஸ் ஒன்று புள்ளி எட்டு என்று போட்டிருக்கிறது. எலும்பு கரைந்திருந்தால் மைனஸ் வரும் என்று பயந்து ஸ்கேன் சென்டரில் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரரே சொன்னார், மைனஸ்தான் கெட்டது, பிளஸ் வந்தால் கொண்டாட வேண்டியதுதான் என்று. புதன்கிழமைதான் டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். புதன்கிழமைவரை பொறுக்க முடியாமல் சனிக்கிழமையே அதை முதலாளியிடம் காட்டிவிட்டு வந்துவிட்டான். பிளஸ். நல்லதுதானே. பிறகு ஏன் இந்த நல்லது தொண்டைக்குக் கீழே இறங்கமாட்டேன் என்கிறது?

தண்ணீர் தெளித்துச் சீப்பை ஓட்டினான் அழகேசன். முடி கொத்துக் கொத்தாகத் துணியில் விழுந்தது, நரை பாதிக்கு மேல். நாற்பத்து மூன்று வயசுக்கு அதிகம்தான். இருபத்தைந்திலேயே ஆரம்பித்தது இது, பெயர் தெரிந்தது முப்பத்திரண்டில், காலையில் எழுந்தால் இடுப்புக்கு மேலே யாரோ வேறு ஆளை வைத்துத் தைத்துவிட்ட மாதிரி இருக்கும், ஒரு மணி நேரம் நடந்தால் விடும், உட்கார்ந்தால் மறுபடி பிடிக்கும். வேலை செய்தால் வலி கூடுவது ஊருக்கெல்லாம் வழக்கம், தனக்கு மட்டும் சும்மா இருந்தால் கூடுகிறதே என்று அப்போதே சந்தேகப்பட்டான், அந்தச் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது. டாக்டரம்மா அதற்கு வாய்க்குள் நுழையாத ஒரு பெயர் சொன்னார், அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், பத்துத் தடவை எழுதிப் பார்த்துத்தான் மனப்பாடம் ஆயிற்று. முதுகெலும்பின் மூட்டுகளில் வீக்கம், உடம்பின் காவலே உடம்பைக் கடிக்கிற வீக்கம். அதோடு விட்டிருந்தால் புரிந்திருக்கும். "எலும்புக்குள்ள கரையும், ஓரத்துல வளரும்," என்றார். அங்கேதான் அவனுக்குச் சிக்கியது, பதினோரு வருஷமாகச் சிக்கிக்கொண்டே இருக்கிறது. ஒரே எலும்பு எப்படிக் கரையவும் செய்யும், வளரவும் செய்யும்? கரைகிறதென்றால் கரையட்டும், வளர்கிறதென்றால் வளரட்டும். வீக்கம் உள்ளே இருக்கிற சுண்ணாம்புச் சத்தைத் தின்னுமாம், அதே வீக்கம் ஆறுகிற இடத்தில் உடம்பு பயந்துபோய்த் தேவையில்லாத இடத்தில் புது எலும்பைக் கட்டுமாம், கட்டிக் கட்டி முதுகெலும்பின் ஒரு கண்ணியையும் அடுத்த கண்ணியையும் பாலம் போட்டு ஒட்டிவிடுமாம். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார், கணுக்கணுவாக மூங்கில் மாதிரி ஒரு வெள்ளைத் தடி. இதுவா என் முதுகு என்று அவன் கேட்கவில்லை, பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். நாச்சிமுத்து, ஆண், 32. அந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இன்னொரு நாச்சிமுத்து இருந்திருக்கலாம் என்று மூன்று மாசம் நினைத்துக்கொண்டிருந்தான், வலிதான் அவனை நம்பவைத்தது.

"கொஞ்சம் குனிங்க சார்," என்றான் அழகேசன். நாச்சிமுத்து இடுப்பிலிருந்து மொத்தமாக முன்னால் சாய்ந்தான். "உடம்பு வேண்டாம் சார், தலை மட்டும்." தலை மட்டும் என்பது அவனிடம் கிடையாது. "இப்படியே எடு," என்றான், குரலில் கொஞ்சம் கடுப்பைப் போட்டுக்கொண்டான், கடுப்புக்காரனை யாரும் மேலே கேள்வி கேட்பதில்லை. கண்ணாடியில் பேப்பர் ஒரு பக்கம் திரும்பியது. படித்துத்தான் திருப்பினானா, பார்த்துத் திருப்பினானா? விட்டுத் தள்ளு. பிளஸ் ஒன்று புள்ளி எட்டு யாருடையது, அதுதான் கேள்வி. ஸ்கேன் சென்டரில் அன்றைக்கு ஒன்பது பேர் காத்திருந்தார்கள், ஒன்பது கவர், கவரை மாற்றி வைக்க ஒரு தும்மல் போதும். ஸ்கேன் எடுத்த பெண் வேறு என்னவோ எழுதினாளே. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு பெட்டியை வைத்து, மேலே மிஷின் ஒரு கை மாதிரி வந்து முதுகுக்கு நேராக மெதுவாகப் போயிற்று, அது முடிந்தது. அடுத்து, "சார், இடுப்புக்கு எடுக்கணும், பாதத்தை உள்பக்கமாத் திருப்பிக் கட்டிருவேன், கொஞ்சம் பொறுத்துக்கங்க," என்றாள். திருப்பினாள். இடுப்பில் உயிர் போயிற்று. "அது வேண்டாங்க, எனக்கு முதுகுதான் வியாதி, முதுகுதான் எடுத்தாச்சே," என்று எழுந்துவிட்டான். "டாக்டர் ரெண்டும் எழுதியிருக்காங்க சார்," என்றாள். "நான் சொல்லிக்கறேன்," என்றான். அப்போதுதான் அவள் காகிதத்தில் என்னவோ எழுதினாள். என்ன எழுதியிருப்பாள்? தகராறு பார்ட்டி என்று எழுதியிருப்பாள். அப்புறம் கோகிலவாணி. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தபோது, "நல்லதாப் போச்சுங்க," என்றாள், சிரித்தாள், சமையலறைக்குப் போனாள், போனவள் அரை மணி நேரம் ஒரு பாத்திரச் சத்தம்கூட எழுப்பவில்லை. பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவள் சத்தமில்லாமல் சமைத்ததே கிடையாது. இரண்டு வாரமாகவே ஒரு மாதிரிதான் இருக்கிறாள். குளியலறை வாசலில் கிடந்த மிதியடியை எடுத்துவிட்டாள். நடையில் எரியாத பல்பை மாற்றிவிட்டாள். மாடிப்படி ஓரம் இருந்த செடித்தொட்டிகள் எல்லாம் மொட்டை மாடிக்குப் போய்விட்டன. யாரோ வீடு பார்க்க வருகிறார்களா, வீட்டை விற்கப் போகிறாளா என்று அவன் மூன்று நாள் வேவு பார்த்தான். கேட்டால், "காலு தட்டுதுங்க," என்றாள். யாருக்குத் தட்டுகிறது, அவளுக்குத் தட்டி அவன் பார்த்ததே இல்லை.

எண்ணெய் விழுந்தது. உச்சியில் குளிர்ச்சியாக, நடுமண்டையில் ஒரு கை வட்டம் போட்டது, பிறகு இரண்டு கை. நாச்சிமுத்துவுக்குச் சொக்கியது. உடம்பைத் தொட யாரையும் விடாமல் எத்தனை வருஷம் ஆகிவிட்டது. கோகிலவாணிகூட இப்போதெல்லாம் தொடுவதற்கு முன்னால் கையை ஒரு நொடி நிறுத்துகிறாள், அதை அவன் வெறுப்பு என்று கணக்கில் வைத்திருக்கிறான். சுகமாக இருக்கிறது, இந்தச் சுகமே சரியில்லை, சுகம் வந்தால் ஆள் அசந்துவிடுவான். அசந்தபோதுதான் பவுண்டரியில் அந்தப் பம்ப்பு உடம்பு தப்பிப் போயிற்று. பம்ப்பு உடம்பு என்றால் மோட்டார் பம்ப்பின் வெளிக்கூடு, இரும்பை வார்த்து ஆறவைத்து அச்சை உடைத்து எடுத்தது, நாற்பது உருப்படி, அவன் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். அன்றைக்குச் சுத்தியலால் தட்டிப் பார்க்க நேரமில்லை, லாரி வாசலில் நின்றது, ஒவ்வொன்றையும் தராசில் ஏற்றினான், எடை கிராம் பிசகாமல் இருந்தது, பாஸ் என்று சாக்குக்கட்டியால் குறி போட்டான். வாங்கிய இடத்தில் தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்த்தபோது ஏழாவது உருப்படி வெடித்தது, பக்கத்தில் நின்றவர் முழங்காலில் ஒரு துண்டு பாய்ந்தது. திருப்பிக் கொண்டுவந்து அறுத்துப் பார்த்தார்கள். அச்சுக்குள் வைக்கிற மணல் உருவம் நகர்ந்திருக்கிறது, ஒரு பக்கச் சுவர் ஓர் அங்குலத்துக்குத் தடித்துப் போய், எதிர்ச் சுவர் தகடு மாதிரி. தடித்த பக்கமும் மெலிந்த பக்கமும் சேர்ந்து எடை சரியாக வந்துவிட்டது. தராசு பொய் சொல்லவில்லை, அவன் அதனிடம் தவறான கேள்வியைக் கேட்டான். அந்த மனுஷரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவர், "எடை போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து நாச்சிமுத்து தராசை நம்புவதில்லை, எதையும் தட்டிக் காது கொடுத்துத்தான் பாஸ் பண்ணுவான், பவுண்டரியில் அவனுக்கு அதனால் கிண்டல் பெயர்கூட உண்டு. காதுக்குப் பின்னால் இரண்டு கட்டைவிரல் இறங்கின. இதமாக அழுத்தின. ஸ்கேன் எப்படிப் பார்த்தது? மேலேயிருந்து பார்த்தது. மேலேயிருந்து கீழே என்ன இருக்கிறதோ மொத்தத்தையும் கூட்டிச் சொன்னது. மொத்தத்தை. உள்ளே இருக்கிற கண்ணி வேறு, ஓரத்தில் கட்டிக்கொண்ட பாலம் வேறு என்று அதற்கு யார் சொன்னார்கள்? நாச்சிமுத்துவுக்கு எண்ணெய்க் கைகளுக்கு அடியில் தலை சில்லிட்டுப் போயிற்று. கவர் மாறவில்லை. அந்தக் காகிதம் அவனுடையதுதான். பிளஸ் அவனுடையதுதான், அத்தனையும் ஓரத்தில் தேவையில்லாமல் வளர்ந்த எலும்பு, உள்ளே கரைந்ததை அது மறைத்துக்கொண்டு எடையைச் சரிக்கட்டியிருக்கிறது. அதனால்தான் டாக்டரம்மா இடுப்பையும் எழுதினார். இடுப்பில் பாலம் கிடையாது, அங்கே உண்மை வந்திருக்கும், அதைத்தான் வலிக்கிறது என்று எழுந்து வந்துவிட்டான். இத்தனை நாள் ஊரில் உள்ளவனையெல்லாம் சந்தேகப்பட்டவன், சந்தேகப்பட வேண்டிய ஒன்றே ஒன்றை மட்டும் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கோகிலவாணி மிதியடியை எடுத்தது அவன் வழுக்கி விழக்கூடாது என்று. பாத்திரச் சத்தம் இல்லாமல் நின்ற அந்த அரை மணி நேரம் அவளும் அந்தப் பிளஸை நம்பவில்லை. அவனுக்கு அழுகை வந்தது.

வலது உள்ளங்கை தாடைக்கு அடியில் வந்து நின்றது. இடது கை பின்மண்டையைப் பிடித்தது. "லூசா விடுங்க சார்." இப்போது சொல்ல வேண்டும். சொன்னால் தேவராஜன் கேட்பான். கேட்டால் நாளைக்கு முதலாளிக்குத் தெரியும், அரசூர் போகும், அரசூர் மட்டுமா, பதினோரு வருஷமாக மறைத்தவன் வேறு என்னவெல்லாம் மறைத்தானோ என்று இருக்கிற வேலையையும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இல்லை, கழுத்தில் கட்டி என்று சொல்லலாம். நேற்றுப் படுக்கையில் சுளுக்கிக்கொண்டது என்று சொல்லலாம். சுளுக்கென்றால் நெட்டி முறித்தால் சரியாகிவிடும் என்பான். ஒருவேளை ஒடியாது. ஒருவேளை எத்தனையோ பேருக்கு எடுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்து முடிந்துவிடும், அரசூர் வந்துவிடும், புதன்கிழமை டாக்டரம்மாவிடம் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம். ஒருவேளை. ஏழாவது உருப்படிக்கு முன்னால் ஆறு உருப்படி தாங்கியது. உள்ளங்கையின் எண்ணெய் தாடையில் சூடாக இருந்தது. கை ஒரு நூல் அளவு இடப்பக்கம் போயிற்று, திருப்புவதற்கு முன்னால் அளவு பார்க்கிற அசைவு, அதற்கே தோள்பட்டை வரை நெருப்புக் கோடு ஒன்று ஓடியது. "கையை எடு," என்றான் நாச்சிமுத்து. சத்தம் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. "பயப்படாதீங்க சார், ஒரு செகண்டுதான்," என்றான் அழகேசன், கை இறுகியது. "எடுப்பா! முறிச்சீன்னா செத்துப்போயிருவேன் நானு!"

கத்திவிட்டான். அழகேசன் நெருப்பைத் தொட்டவன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனான், எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. "எனக்குத் தெரியாதுங்க சார், சத்தியமாத் தெரியாது, அந்த அண்ணன்தான் எடுக்கச் சொன்னாரு." பேப்பர் கீழே விழுந்தது. தேவராஜன் எழுந்து கண்ணாடிக்குள் பெரிசாக வந்தான். "என்னாச்சுங்கண்ணா?" நாச்சிமுத்து திரும்பவில்லை, திரும்ப முடியாது, கண்ணாடியில் இருந்த தேவராஜனைப் பார்த்தே சொன்னான். "முதுகுப் புடிப்பெல்லாம் இல்லீங்க தம்பி. பதினோரு வருஷமா வியாதி. கண்ணி பூராவும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு, உள்ளுக்குள்ள பொக்கையாப் போச்சு. கழுத்து ஒரு இம்மி திரும்பாது. முதலாளிகிட்டக் காட்டுன ரிப்போர்ட்டு என்னோடதுதான், ஆனா அது சரியில்லை. நாளைக்கு நானே போய்ச் சொல்லிப்போடறேன். நீங்க முந்திக்க வேண்டாம்." கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகு தோன்றியது. தேவராஜன் முகத்தில் என்ன இருந்தது என்று நாச்சிமுத்து தேடினான், சந்தோஷமா, பரிதாபமா, எதுவும் பிடிபடவில்லை. "கூப்பிட்டா திரும்பியே பாக்க மாட்டீங்களே நீங்க," என்றான் தேவராஜன் மெதுவாக. "எத்தனை நாளு பின்னாடி நின்னு கூப்பிட்டிருக்கறேன். இவ்வளவு வருஷமா நானு திமிருன்னு நெனைச்சுட்டிருந்தேனுங்க. ஷாப்புல எல்லாருமே அப்படித்தான் பேசிக்குவோம்." நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் விலா வலிக்கும், அடக்கிக்கொண்டான். தான் ஒருத்தன்தான் சந்தேகப்படுகிறவன் என்று நினைத்திருந்தான். அழகேசன் துணியை அவிழ்த்தான், பயந்து பயந்து, முடிச்சை மட்டும் இரண்டு விரலால் இழுத்து. உட்கார்ந்தே இருந்ததில் இடுப்பு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மருதாசலம் இருந்தால் கேட்காமலேயே முழங்கையைத் தாங்குவான். "எந்திரிக்க ஒரு கை குடுங்க," என்றான் நாச்சிமுத்து, இதுவரை வீட்டில்கூடக் கேட்காததை. தேவராஜன் கையை நீட்டினான். அந்தக் கை நாளைக்கு எங்கே போய் என்ன செய்யும் என்று நாச்சிமுத்துவுக்கு அப்போதும் தெரியவில்லை, சந்தேகப்பட்டுக்கொண்டேதான் பிடித்தான், ஆனால் முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டு எழுந்தான்.